வயர் இல்லாத சாமான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் கத்தியே ஆக வேண்டிய ஒரு நாளில் என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அந்த நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன், நான் ஒரு கம்ப்யூட்டருக்குச் சாமான் சேர்த்த கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதற்காகக் கத்த வேண்டும் என்பதே யாருக்கும் விளங்காது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு, இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்தில் எங்களுக்கு அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது. அந்த லயத்திலிருந்து டீச்சராகப் போன முதல் ஆள் நான். ஆகவே என் சம்பளத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெளிவு இருந்தது. ஒருத்தி தோடு என்றாள். இன்னொருத்தி அலுமாரி என்றாள். எனக்குக் கார் ஓட்ட வேண்டும் என்றிருந்தது.

நிஜக் காரில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. தட்டச்சுப் பழகச் சொல்லி எங்களை அங்கே விடுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தான். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் யார் மடியிலாவது போய் விழாமலிருக்கப் பாடுபட்டே வளர்ந்தவள் நான். அந்தத் திரையில் முதல் வளைவு வந்தபோது எந்தப் பக்கம் திரும்புவது என்று நானே முடிவு செய்தேன். கார் திரும்பியது. அவ்வளவுதான் விஷயம். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார், பின்னேரத்தில் உடைந்ததைத் திருத்துவார். அதனால் ஊரே அவரை மாஸ்டர் என்றது. முதல் நாள் நான் போனபோது எதையோ கழற்றிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன தேவைக்கு டீச்சர்?"

"கார் ஓட்ட."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையளின்ர படிப்புக்கெண்டு சொல்லி வாங்கிக்கொண்டு போவினம். அடுத்த கிழமை கேம் சீடி இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு வருவினம். முதலே உண்மையைச் சொன்னது நீங்கள் ஒராள்தான். இருங்கோ."

உட்கார்ந்தேன். இருபத்தைந்து வயதைத் தாண்டிய, கல்யாணமாகாத ஒரு பெண், விளையாடுவதற்காகக் கம்ப்யூட்டர் கேட்டு வந்திருக்கிறாள் என்று அவர் சிரிக்கவில்லை. புத்தியும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"விளையாட்டுக்கெண்டால் காசை ஒரு இடத்தில கொட்டோணும் டீச்சர். மிச்ச இடத்தில கஞ்சத்தனம் பண்ணலாம். எல்லாத்திலயும் அரைகுறையா வாங்கினால் ஒண்டுக்கும் உதவாது. கொட்டுற இடம் கிராபிக்ஸ் கார்ட். படம் முழுக்க அதின்ர வேலைதான்."

பிறகு எங்கள் தோட்டத்தில் கரண்ட் எப்படி என்று விசாரித்தார்.

"பொழுது சாஞ்சா பல்பு சிவந்துரும் மாஸ்டர். நாலு வீட்டுல அயன் பண்ணுனா டீவி படம் சுருங்கும்."

"அப்ப பவர் சப்ளையிலயும் கஞ்சத்தனம் கூடாது. மற்றதெல்லாம் பழசு எடுப்பம். போர்டையும் புரொசசரையும் கடைசியா வாங்குவம், அதுகள் மாசத்துக்கு மாசம் விலை இறங்கும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. சம்பளம் வந்த அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குப் போவேன், ஒரு சாமானோடு திரும்புவேன். மூடிப்போன ஒரு அலுவலகத்திலிருந்து வந்த மொனிட்டர். அதன் ஒரு மூலை எப்போதும் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். சில எழுத்துகள் தேய்ந்த கீபோர்ட். பக்கக் கதவில்லாத கேசிங். கதவுக்குப் பதில் கார்ட்போட் அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லி விலையைக் குறைத்தேன். எங்கே குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைப்பதில் ஒரு போதையே வந்துவிட்டது. புதுச் சேலை எடுத்து வந்தால்கூட அப்படி ஒரு சந்தோஷம் இருக்காது.

மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய நாளை மறக்க முடியாது. கண்டக்டர் சிங்களத்தில், "டீவியா நங்கி?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். விளக்கம் சொல்ல என்னால் ஆகாது, ஆமாம் என்றேன். உடனே டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். நான் இறங்குகிற தலவாக்கலை வரை மடியில் மொனிட்டரோடு உட்கார்ந்து, டிரைவர் வளைவு திருப்புவதைப் பார்த்துக்கொண்டே போனேன். என் பஸ் பயணங்களில் அதுவே சிறந்தது.

லயத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது. மாதா மாதம் ஒரு பெட்டி வருகிறதென்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அங்கே உண்டு. பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு நாள் வழியை மறித்தார்.

"என்னா டீச்சரு, சீர் சாமான் சேருதா? இன்னைக்கு என்னா, மிக்ஸியா?"

"இல்லக்கா. பவர் சப்ளை."

"அது எதை அரைக்கும்?"

அம்மாதான் சிரித்து மழுப்பினார். என் செலவைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வாழ்நாள் முழுதும் தான் விரும்பி ஒன்றை வாங்காதவருக்கு, மகள் விரும்பி வாங்குவதைப் பார்ப்பதே போதுமாயிருந்தது போலும். இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்தது கார்டைப் பற்றி மட்டும்தான்.

அந்த கார்ட் கொழும்பிலிருந்து வந்தது. அங்கே ஒருவர் அதைவிடப் பெரியது வாங்கப் போகிறாராம், பழையதை விற்கிறார் என்று மாஸ்டர் செய்தி சொன்னார். பழையதுதான், ஆனாலும் நான் அதுவரை வாங்கிய எல்லாச் சாமான்களையும் சேர்த்தால்கூட அதன் விலைக்குக் கிட்ட வராது. கையகலப் பச்சைப் பலகை. நடுவில் ஒரு குட்டி விசிறி. விசிறிக்குள் கொழும்புத் தூசி அப்பிக்கிடந்தது. வீட்டில் உறையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அம்மா விலையைக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இம்புட்டுச் சின்னப் பலகைக்கா இம்புட்டுக் காசு?"

"இதுதாம்மா முக்கியம். மத்ததெல்லாம் சும்மா. இது இல்லாட்டி கார் ஓடாது."

"அப்ப இதுதான் இஞ்சினா?"

"ஆமாம்மா. இதுதான் இஞ்சின்."

அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அதை உறையில் போட்டு என் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். இனி போர்டும் புரொசசரும்தான் பாக்கி.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது.

எங்கள் லயத்தில் அன்றைக்குச் சும்மா கிடக்கிற இரும்பு ஒன்றும் கிடையாது. தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அரிவாள்மனை என்று எல்லாம் பீலிக்குப் போகும். மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற அந்த இடத்தில்தான் நாங்கள் குளிப்பது, துவைப்பது எல்லாம். ஆயுதங்களும் அங்கேயே குளித்து, துடைத்துக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் வந்து வரிசையாக உட்காரும். சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அம்மாவின் கொழுந்துக் கூடைக்குக்கூடப் பொட்டு உண்டு. யாருக்கு எது சோறு போடுகிறதோ, யாருக்கு எது முக்கியமோ, அது அன்றைக்குச் சாமியோடு சமமாக இருக்கும். இந்த வழக்கத்தில் எனக்கு எப்போதும் பிடித்தம் உண்டு.

அன்று பள்ளிக்கூடத்திலும் பூசை. அவலும் கடலையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சாம்பிராணி வாசம். உள்ளே சாமி படத்துக்குக் கீழே எல்லாம் வரிசையாக இருந்தன. அப்பாவின் கத்தி ஓரத்தில். கூடை இன்னோர் ஓரத்தில். நடுவில், வாழையிலை போட்டு, அதன் மேல் என் கிராபிக்ஸ் கார்ட்.

விசிறியின் நட்டநடுவில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். பலகையின் இரண்டு ஓரத்திலும் இன்னும் இரண்டு பொட்டு. மேலே ஒரு செவ்வந்திப் பூ.

"பாத்தியா புள்ள, புதுசு மாதிரி ஆயிருச்சு," என்றார் அம்மா. "பாவம், எம்புட்டுத் தூசி. புதுப் பல்லு பிரஷ் எடுத்துத் தேச்சுக் கழுவுனேன்."

"தண்ணியிலயாம்மா?"

"பின்ன?" அம்மா பவர் சப்ளையைக் காட்டினார். அது ஒரு துளி ஈரமில்லாமல் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. "அத நான் கழுவல. துணியால தொடச்சுதான் வச்சேன். அதுல வயரு இருக்குல்ல, கரண்ட் சாமான். எனக்குத் தெரியாதா? இதுலதான் வயரே இல்லையே."

பார்த்தேன். உண்மைதான். வயரே இல்லை.

வாயைத் திறந்தேன். என் கோபம் எனக்குத் தெரியும். அது வருகிற வேகத்தில் நானே குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அம்மாவின் முகத்தில், குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு பெருமை. லயத்து வழக்கப்படி, என்னிடமிருந்த பொருள்களிலேயே எதை நான் முக்கியம் என்று சொன்னேனோ அதற்கு நடு இடத்தைக் கொடுத்திருக்கிறார். இதில் எந்த இடத்தைப் பிடித்துக் கத்துவது? "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொன்னேன். வாய் சொன்னதை என் முகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். "கரண்ட் சாமானுலயா தண்ணி ஊத்துன? அவ்வளவுதான், போச்சு!"

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்பா சொல்றது நெசமா புள்ள?"

"தெரியலம்மா," என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் அம்மா அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு வாய்தான் முந்தும். பிறகு மனம் அடித்துக்கொள்ளும். கார்டை எடுத்துத் தன் தலைத் துண்டில் சுற்றி, "ஈரக் கொழுந்தையே வாட்டுறோம், இத வாட்ட மாட்டமா?" என்று ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிற நீளமான தட்டுகள் உண்டு. அதில் ஒரு மூலையில் என் கார்டை வைத்திருக்கிறார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பார்த்து விசாரித்திருக்கிறார். ஏச்சு விழும் என்று அப்பா பயந்தாராம். அவரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொழுந்தோட சேர்ந்து ரோலருக்குள்ள போயி அரைபட்டுராம பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மனிதரோடு நான் நேரில் இரண்டு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு மனம் குளிரும். அடுத்த நாள் கார்ட் பச்சைக் கொழுந்து வாசத்தோடு வீட்டுக்கு வந்தது. சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கார்டுக்காக அல்ல.

அம்மா என் பொருள்களைத் தொடுவதை விட்டுவிட்டார். என் சேலையை மடிக்க மாட்டார். கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திருத்தக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள் தரையில் கிடந்தால் ஓரமாகச் சுற்றிப் போவார். காலையில் சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றைப் போடுவார், மூட மாட்டார். "நீயே மூடிக்க புள்ள. எனக்கு இதெல்லாம் பதமாத் தெரியாது." பெட்டி மூடுவதில் என்ன பதம்? "அம்மா, விடுங்கம்மா, ஒன்னும் ஆகல" என்று எத்தனையோ தடவை சொன்னேன். சரி என்பார். அப்போதும் தொட மாட்டார். ஒரு நாளைக்கு ஆயிரமாயிரம் கொழுந்து கிள்ளுகிற கை, என் பக்கம் வந்தால் மட்டும் பின்வாங்கியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மாஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது; என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"உடன கரண்ட் குடுத்திருந்தால் செத்திருக்கும். காய வைச்சது நல்லது. ஆனால் இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. என்ர வகுப்புக் கம்ப்யூட்டர் ஒண்டிலயும் இதைச் செருகிற இடமில்லை. உங்கட போர்ட் வந்தாத்தான் தெரியும்."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார். போர்டில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் படம் காட்டுகிற வசதி போர்டிலேயே இருக்கும். விலை குறைவு, கார்ட் தேவையில்லை, செருகவும் இடமில்லை. எழுதலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம். நான் ஆசைப்பட்ட கார் மட்டும் ஓடாது. மற்றதில் கார்டைச் செருக இடமுண்டு. விலை கூட. கார்ட் செத்திருந்தால் அந்தப் போர்டிலிருந்து ஒரு புள்ளிகூடத் திரையில் வராது. இன்னொரு கார்டுக்கு நான் எத்தனை சம்பளம் காத்திருப்பது?

"நட்டப்படாமல் இருக்கோணுமெண்டால் விலை குறைஞ்சதை எடுங்கோ," என்றார். "நான் வியாபாரத்துக்காகச் சொல்லேல்லை."

வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். விலை கூடியதை விற்றால் அவருக்குத்தான் லாபம். பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாஸ்டர் சொன்னதுதான் புத்தி. ஆனால் அந்தப் போர்டை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? கார்ட் செத்துவிட்டது, அதைக் கொன்றது அம்மாவின் கை என்று நானே முத்திரை குத்தியதாகும். அம்மா கேட்பார், இஞ்சின் எங்கே என்று. கேட்காவிட்டாலும் தெரிந்துகொள்வார். அந்தக் கை பிறகு என் பக்கம் திரும்பவே திரும்பாது.

தீபாவளி கழிந்து சம்பளம் வந்ததும் மாஸ்டரிடம் போய், "கார்ட் செருகுறதுதான் வேணும்," என்றேன்.

"யோசிச்சுத்தானே சொல்லுறியள்?"

"யோசிச்சுதான் மாஸ்டர்."

 அவர் கொழும்புக்குச் சொல்லிப் போர்டையும் புரொசசரையும் எடுப்பித்தார். அடுத்த சனிக்கிழமை எல்லாச் சாமானையும் கொண்டுவரச் சொன்னார், கடையில் வைத்தே பூட்டிப் பார்ப்போம் என்று.

அம்மாவையும் கூப்பிட்டேன்.

"நான் எதுக்கு? நான் வந்தா வெளங்கிரும்."

"அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுக்கணும், நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க," என்றேன். அப்பாவுக்கு என்றால் வருவார். வந்தார். மொனிட்டரை நான் தூக்கிக்கொண்டேன், மற்றப் பெட்டிகளை அப்பா தலவாக்கலை வரை வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கார்ட் இருந்த பையை வைத்திருக்கச் சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நானே வைத்துக்கொண்டேன்.

கடையில் மாஸ்டர் அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டு, "இருங்கோ அம்மா," என்றார். அம்மா உட்காரவில்லை. படிக்கட்டுப் பக்கமாகச் சுவரோடு சுவராக நின்றார். மாஸ்டர் போர்டைக் கேசிங்குக்குள் வைத்துத் திருகினார். புரொசசர், ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. கடைசியாகக் கார்டை எடுத்துச் செருகினார். விசிறியில் பொட்டு அப்படியே இருந்தது. 

சுவிட்சைப் போட்டார். எல்லா விசிறியும் சுற்றியது, பொட்டு வைத்த விசிறியும் சேர்ந்து. திரை கறுப்பாகவே இருந்தது.

நிறுத்தினார். மறுபடி போட்டார். கறுப்பு.

"வரலயா?" என்றது அம்மாவின் குரல். மாஸ்டர் சுவிட்சை நிறுத்தினார்.

"நான் கீழ நிக்கிறேன் புள்ள," என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கிப் போய்விட்டார்.

பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது. ஓடி என்ன சொல்வது? மாஸ்டர் கார்டைக் கழற்றி மேசை விளக்குக்குக் கீழே பிடித்தார். அதன் அடியில் போர்டுக்குள் போகிற பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், சந்தனம் பல்லுக்குள்ளயும் போயிருக்கு. அழிரப்பர் வைச்சிருக்கிறியளோ?"

டீச்சர் கைப்பையில் அது இல்லாமலா? எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் பிழையை அழிக்கிற மாதிரி மெதுவாக, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. ஊதிவிட்டு மறுபடி செருகினார். சுவிட்சைப் போட்டார்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

நான் படிகளை எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா துணிக்கடைக்கு வெளியே, தூறலில், முக்காட்டைப் போட்டுக்கொண்டு பஸ் வருகிற பக்கம் பார்த்து நின்றிருந்தார்.

"அம்மா, வந்துருச்சு!"

"பஸ்ஸா?"

"படம்மா! படம் வந்துருச்சு! ஒங்க கார்டு ஓடுது!"

அம்மா என்னை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனேன். மாஸ்டர் எழுந்து நின்று, "அம்மா, நீங்கள் கழுவினதில ஒரு பிழையுமில்லை. உள்ள இருந்த தூசியெல்லாம் போய்ப் புதுசு மாதிரி இருக்கு," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் ஆயுள் முழுதும் கடன்பட்டவள். அம்மா அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மாஸ்டர் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்து அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். மாஸ்டர் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மற்றதையெல்லாம் ஏற்றி முடிக்க மத்தியானம் கழிந்துவிட்டது. கடைசியாக மாஸ்டர் அந்தக் கார் விளையாட்டைப் போட்டார். திரையில் சிவப்புக் கார் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. பின்னால் மலை. பயிற்சிக் கால அறையில் நான் பார்த்த படம் அல்ல இது. தெருவில் ஈரம் மினுங்கியது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கீபோர்ட் பக்கம் கையைக் கொண்டு போனேன்.

"புள்ள," என்றார் அம்மா. "நான் தொட்டுப் பாக்கவா?"

எழுந்து இடம் கொடுத்தேன்.

அம்பு போட்ட விசைகளைக் காட்டினேன். இது முன்னால், இது இடம், இது வலம். அம்மா கொழுந்து கிள்ளுகிற விரலால் மெதுவாக அமுக்கினார். கார் நகர்ந்தது. அம்மா விரலை எடுத்தார். கார் நின்றது. மறுபடி அமுக்கினார். மற்றக் கார்களெல்லாம் சீறிக்கொண்டு கடந்து போயின. அம்மா தெருவின் இடது ஓரத்தை விடாமல், வளைவுக்கு வளைவு நிறுத்தி, எதிரே யாரும் வருகிறார்களா என்று பார்த்துத் திருப்பினார்.

"வேகமாப் போங்கம்மா, இது பந்தயம்."

"அவங்க போகட்டும். என்னா அவசரம் அவங்களுக்கு?"

பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது. அம்மா ஓட்டிக்கொண்டே இருந்தார். கடையைப் பூட்டும் நேரமாகி, மாஸ்டர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்து நின்றார். அப்போதும் அம்மா கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.